மூன்று வேலை, ஓர் உடம்பு

அன்புள்ள ஐயா,

பகலில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை. இரவில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு. சனி, ஞாயிறுகளில் வெளியூர் போய் வகுப்பு எடுக்கிறேன். ஞாயிறு இரவே காரை ஓட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன். இவை போக அவ்வப்போது அலுவலகப் பயணம் வேறு. மூன்றில் எதையும் விட முடியாது. ஒன்று கடனுக்கு, ஒன்று வீட்டுச் செலவுக்கு, ஒன்று எனக்காக. ஐந்தரை மணி நேரத் தூக்கம் பழகிவிட்டது, சோர்வு தெரிவதில்லை. ஆனால் எதிலும் மனம் நிற்பதில்லை. மொழிபெயர்க்கும்போது அலுவலகக் கணக்கு ஓடுகிறது, வகுப்பில் நிற்கும்போது மொழிபெயர்ப்பு ஓடுகிறது. கழுத்துவலியும் சேர்ந்துகொண்டது. தினமும் நான்கு மணிக்கு எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். எழுத்து, வேலை, பயணம் என்று நீங்களும் அலைபவர்தானே. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

நான்கு மணிக்கு எழ வேண்டாம். ஒன்பது மணிக்குள் படுத்துவிடுபவருக்கு அது நல்ல நேரம்தான். நள்ளிரவுக்கு மொழிபெயர்ப்பை மூடிவைக்கும் உங்களுக்கு, இருக்கிற தூக்கத்திலும் ஒரு பங்கு போகும், அவ்வளவே. அதிகாலையின் மகிமையைச் சொல்பவர்கள் தாங்கள் எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்பதைச் சொல்வதேயில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது கழுத்துவலி அல்ல, 'சோர்வு தெரிவதில்லை' என்ற வரி. 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை ஒன்றின் முடிவுகள் வெளிவந்தன. ஆரோக்கியமானவர்களை இரண்டு வாரம் ஆய்வகத்தில் தங்கவைத்து, சிலருக்கு இரவில் நான்கு மணி நேரமும் சிலருக்கு ஆறு மணி நேரமும் மட்டும் தூங்க இடம் கொடுத்தார்கள். கவனத்தைச் சோதித்தபோது நாளுக்கு நாள் தடுமாற்றம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு அவர்கள் இறங்கியிருந்தார்கள். ஆனால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன தூக்கக் கலக்கம் பெரிதாக ஏறவில்லை. திறன் சரிந்துகொண்டே இருந்தது, அது அவர்களுக்கே தெரியவில்லை.

நீங்கள் கணக்குப் பார்ப்பவர். 'கையில் காசு இருக்கிற மாதிரிதான் தோன்றுகிறது' என்று யாராவது சொன்னால் அதை வைத்துக் கணக்கை முடிப்பீர்களா? தூக்கத்தையும் தோன்றுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், கடிகாரத்தை வைத்துச் செய்யுங்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. நாளைக்கு எத்தனை மணிக்கு எழ வேண்டுமோ அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் படுங்கள். மாலைக் காபியையும் பாருங்கள். அதிலுள்ள கஃபீனில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடக்குறைய.

இனி, மனம் நிற்காதது. இதை ஒழுக்கக் குறைவு என்று நினைத்துக் குமைகிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். 'கவன எச்சம்' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். முடியாமல் நிற்கும் வேலைதான் அதிகம் இழுக்கும், அதுவும் திரும்பி வந்ததும் அவசரமாக முடிக்க வேண்டியதாக இருந்தால் கேட்கவே வேண்டாம். உங்களுக்கு அப்படிப்பட்ட வேலை எப்போதும் இரண்டு காத்திருக்கிறது. எழுந்துபோகும் முன் 'எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்' என்று சுருக்கமாகக் குறித்துவைத்தவர்களுக்கு அந்த இழுப்பு குறைந்ததை 2018-இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து காட்டினார்கள்.

நானும் இதைத்தான் செய்கிறேன். ஆய்வைப் படித்துவிட்டு அல்ல, வேறு வழியில்லாமல். மேஜையில் ஒரு நோட்டு. எந்த வேலையிலிருந்து எழுந்தாலும் அதில் இரண்டு வரி. மூளை அந்த வேலையைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை, நோட்டு திரியட்டும். உங்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: தினமும் இரவு கொஞ்சம் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, வாரத்தில் மூன்று இரவு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரவுகளில் அந்தக் கோப்பைத் திறக்கவே கூடாது. தாவல் எண்ணிக்கை குறைந்தாலே பாதிப் பாரம் இறங்கும்.

பயணத்தில் வேலை செய்வதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. ஓடும் வண்டியில் பிழைதிருத்தம் நடக்கும், மின்னஞ்சலுக்குப் பதில் போடலாம். புதிதாக யோசிக்க வேண்டிய எதையும் அங்கே நம்பி வைக்காதீர்கள். விமான நிலையத்தில் உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாக எழுதியதாகச் சொல்பவர்களை நான் பொறாமையோடு சந்தேகிக்கிறேன். புது இடத்தில் முதல் இரவுத் தூக்கமும் முழுத் தூக்கம் அல்ல. மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிட விழிப்பாக இருந்ததை 2016-இல் பிரௌன் பல்கலைக்கழகத்தார் பதிவு செய்தார்கள். முக்கியமான கூட்டம் என்றால் முடிந்தவரை ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். வார இறுதி வகுப்புக்கு முடிந்தால் எப்போதும் ஒரே அறையில் தங்குங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போனால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். ஆபத்து சிறியதுதான், இருந்தாலும் எழுந்து நடங்கள். கழுத்துக்கும் அது நல்லது. வலி சில வாரங்களில் போகாவிட்டாலோ கை மரத்துப்போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள், இணையத்தில் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

ஒரு வேலையை விடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கடனைக் கட்டப்போவது நான் அல்ல. ஆனால் மூன்று வேலைக்கும் ஆகும் நேரத்தை ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் ஏதாவது ஒன்று சுருங்கித்தான் ஆக வேண்டும். எல்லோரும் 'எனக்காக' என்கிற வேலையைத்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள். நான் அதைக் கடைசியாகத்தான் தொடுவேன். வகுப்பை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், மாணவர்கள் ஒப்புக்கொள்ளக்கூடும்.

இதெல்லாம் மெதுவாகச் செய்யலாம். ஞாயிறு இரவு கார் ஓட்டுவதை மட்டும் இந்த வாரமே நிறுத்துங்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கண்-கை ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். நீங்கள் வாரம் முழுக்கச் சேர்ந்த தூக்கக் கடனையும் சுமந்துகொண்டு ஓட்டுகிறீர்கள். அங்கேயே படுத்துவிட்டுத் திங்கள் காலை ரயிலோ பேருந்தோ பிடியுங்கள். அலுவலகத்துக்குத் தாமதமாகுமென்றால் வெள்ளிக்கிழமையே சொல்லிவைத்துவிடுங்கள்.

அன்புடன்.