கல்லு ஊன்றிட்டா நெலம் போச்சா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் எங்களுக்கு ஒண்ணேகால் ஏக்கர், ஒரு கிணறு, கொஞ்சம் தென்னை. நாலுவழிச் சாலைக்குன்னு அளந்து கல்லு ஊன்றிட்டுப் போயிட்டாங்க. பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பேர்ல இருக்கு. சொத்து அடிப்படை உரிமையே இல்ல, சர்க்கார் நெனச்சா எடுத்துக்கும்னு டீக்கடையில சொல்றாங்களே, நெசமா சார்?

பதில்: பாதி நெசம். 1950-ல அரசியல் சாசனம் வந்தப்ப சொத்துரிமை அடிப்படை உரிமைதான், ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்து ஜமீன்தாருங்க அதை வச்சே கோர்ட்டுக்குப் போக, 1951-லயே திருத்தம், அப்புறம் மேல மேல திருத்தம், கடைசியில 1978-ல 44-வது திருத்தத்துல அந்த லிஸ்ட்லேந்தே தூக்கிட்டாங்க. ஆனா தூக்கின கையோட 300ஏ-ன்னு ஒரு சாசனப் பிரிவை வச்சாங்க, சட்டப்படி இல்லாம ஒருத்தர் சொத்தைப் பறிக்க முடியாது. அதனால நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக முடியாதே தவிர, நம்ம மதுரை ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளை இருக்கு. நோட்டீஸ், ஆட்சேபம் கேக்குறது, நியாயமான பணம் எல்லாம் இந்த 300ஏ-க்குள்ளயே அடங்கும்னு 2024-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு.

கல்லு ஊன்றுனதால நெலம் போயிடாது. தேசிய நெடுஞ்சாலைன்னா 1956-ம் வருஷ சட்டம், கெஜட்ல ரெண்டு அறிவிப்பு வரணும், எடுக்கப்போறோம்னு ஒண்ணு, எடுத்தாச்சுன்னு இன்னொண்ணு, ரெண்டாவது வந்தாத்தான் நெலம் சர்க்காருது. மொத அறிவிப்புலேந்து 21 நாளைக்குள்ள ஆட்சேபத்தை எழுத்துல குடுத்துடணும். வீட்டுக்கு வந்து கையில குடுப்பாங்கன்னு காத்திருக்காதீங்க, ரெண்டு லோக்கல் பேப்பர்ல போடுவாங்க, அவ்வளவுதான், நெறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்.

பணத்துக்கு 2013 நெலம் எடுப்புச் சட்டக் கணக்கு. பத்திரப்பதிவுக்குச் சர்க்கார் வச்சிருக்கற கைடுலைன் வேல்யூவையும் சுத்துவட்டாரத்துல முந்தின 3 வருஷத்துல பதிஞ்ச கிரையப் பத்திரங்களையும் பாத்து எது அதிகமோ அதை எடுத்து, கிராமம்னா அதுக்கு மேல ஒரு பெருக்கலும் போட்டு, கிணறு தென்னையையும் சேத்து, வர்ற தொகைக்குச் சமமா இன்னொரு பங்கும் தரணும். முத்திரைத்தாள் காசு மிச்சம்னு ஊரே கம்மியா எழுதிப் பதிஞ்சிருந்தா இப்ப அது உங்க தலையில விடியும், என்ன பண்றது. பட்டாவை மட்டும் உடனே வாரிசுங்க பேருக்கு மாத்துங்க, பங்காளிக்குள்ள தகராறு வந்தா பணம் சிவில் கோர்ட்ல போய் உக்காந்துக்கும்.

கேள்வி: எனக்கு 1986-ல கல்யாணம். அப்பாவோட பூர்வீக நெலத்துல பங்கு இல்லைன்னு தம்பிங்க சொல்றாங்க. - பேர் வேண்டாம், உசிலம்பட்டி

பதில்: உங்க தம்பிங்க இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989-ல தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்துலேயே நிக்கிறாங்கம்மா. அதுல 25.3.1989-க்கு முன்னாடி கல்யாணமான பொண்ணுங்களுக்குப் பங்கு கெடையாது, உண்மைதான். ஆனா 2005-ல மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்துல அந்தத் தடையே இல்ல, திருத்தம் வந்த அன்னைக்கு அப்பா உயிரோட இருந்திருக்கணும்னுகூட இல்லைன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஒரு சிக்கல் இருக்கு, 20.12.2004-க்கு முன்னாடியே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிஞ்சிருந்தா அதைத் தொட முடியாது. மொதல்ல ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பாத்துட்டு அப்புறம் வக்கீலப் பாருங்க.