படத்தை முந்தும் ஒலி

கேள்வி: ஒரு திரைப்படத்தின் பி.ஏ.எல். (ஐரோப்பா, இந்தியா போன்ற நாடுகளின் தொலைக்காட்சி முறை) டிவிடியிலிருந்து எடுத்த 5.1 (ஆறு தடங்கள் கொண்ட) ஒலித்தடத்தை, அதே படத்தின் என்.டி.எஸ்.சி. (அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் முறை) பிரதியுடன் இணைத்தேன். தொடக்கத்தில் பொருந்தும் ஒலி, போகப்போக உதட்டசைவை முந்துகிறது. தொடக்க நேரத்தை நகர்த்தியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: குறை தொடக்கப் புள்ளியில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. நொடிக்கு 24 பிரேம்களாக எடுக்கப்பட்ட திரைப்படத்தைப் பி.ஏ.எல். முறைக்காக 25 பிரேம்களாக விரைந்து ஓட்டுவதும், என்.டி.எஸ்.சி.யில் அதையே 23.976 ஆகச் சற்றே தாழ்த்தி, சிலவற்றைத் திரும்பக் காட்டி 29.97 ஆக நிரப்புவதும் வழக்கம் என்பதால், இரண்டு மணி நேரப் படம் பி.ஏ.எல். முறையில் ஏறத்தாழ 115 நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. எனவே உங்கள் ஒலித்தடத்தை 25/23.976 என்ற விகிதத்தில், அதாவது சுமார் 4.27 விழுக்காடு நீட்ட வேண்டும்.

ஆனால் டிவிடியின் 5.1 ஒலி டால்பி டிஜிட்டல் என்னும் சுருக்கிய வடிவில் இருந்தால், அந்தக் கோப்பை அப்படியே நீட்ட இயலாது. அதை, தடத்துக்கு ஒன்றாக, சுருக்கப்படாத ஆறு வேவ் கோப்புகளாகப் பிரித்து, ஆறையும் ஒரே அமைப்பில் நீட்டி, 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் மீண்டும் சுருக்க வேண்டும். சுருதி மாறாமல் நீட்டும் வசதி கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அதை ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியே பயன்படுத்தினால், தடங்களுக்கிடையே நுண்ணிய நேரப் பிசகு ஏற்பட்டு, ஒலி வரும் திசையே குழம்பிவிடக்கூடும். ஆகவே வேகத்தோடு சுருதியும் தாழும் எளிய முறையையே பரிந்துரைப்பேன். பி.ஏ.எல். பதிப்பில் சுருதி திருத்தப்படாமல் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு உயர்ந்திருந்தால், அது இதனால் பழைய நிலைக்கே திரும்பும்.

25 பிரேம்களிலேயே பதிவாகி, கால அளவு மாறாமல் 29.97க்கு மாற்றப்பட்ட நிகழ்ச்சியாக இருந்தால் ஒலியைத் தொடவே வேண்டாம். முதலில் இரண்டு பிரதிகளின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.