இரண்டாம் பாகம் ஜெயித்ததா என்று யார் சொல்வது?

வாசகர் கேள்வி பதில்

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர்: இரண்டாம் பாகமாக வந்த பெரிய படம் ஒன்றுக்கு இத்தனை கோடி வசூல் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் பார்த்துவிட்டு வந்த ஒருத்தர்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்தப் படம் வெற்றியா, தோல்வியா? லாபத்தை நம்புவதா, ஜனங்கள் பேச்சை நம்புவதா?

ஜனங்கள் பேச்சைத்தான். ஏன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

போஸ்டரில் இருப்பது வசூல், லாபம் இல்லை. 100 ரூபாய்க்கு மேல் போகும் டிக்கெட்டில் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. போய்விடும், தமிழ்நாட்டில் அதோடு உள்ளாட்சி கேளிக்கை வரி, மிச்சத்தில் தியேட்டர்காரர் பங்கு, அப்புறம் விநியோகஸ்தர் பங்கு, இதெல்லாம் கழிந்து தயாரிப்பாளர் கைக்குப் போவது போஸ்டரில் போட்ட தொகையில் பாதிகூட இருக்காது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஓ.டி.டி., சாட்டிலைட், இந்தி டப்பிங், ஆடியோ என்று எல்லா உரிமையும் நல்ல விலைக்குப் போய்விட்டால் படம் வெளிவரும் முன்பே தயாரிப்பாளருக்கு லாபம் வந்துவிடும், டேபிள் பிராஃபிட் என்பார்கள். அதே படத்தை நம் பக்கத்துக்கு எம்.ஜி. கட்டி, அதாவது ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பக் கேட்க முடியாத பணத்தைக் கொடுத்து வாங்கியவர் நஷ்டப்பட்டு நிற்பார். மாவட்டம் பிரிந்து 30 வருடம் தாண்டியும் சினிமா வியாபாரத்தில் நம் கடலூர் இன்னும் தென் ஆற்காடுதான். வட ஆற்காடு, செங்கல்பட்டோடு சேர்த்து என்.எஸ்.சி. ஏரியா என்று விற்கிறார்கள். ஆக ஒரே படம் சென்னையில் லாபம், நம் ஊரில் நஷ்டம் என்று ஆக முடியும். லாபம் என்று யாராவது சொன்னால் யாருக்கு என்று கேளுங்கள்.

இரண்டாம் பாகத்துக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். முதல் மூன்று நாள் கூட்டம் அந்தப் படம் சம்பாதித்த கூட்டமே இல்லை, முதல் பாகம் சம்பாதித்து வைத்தது. அப்பா பெயரைச் சொன்னால் கடைக்காரர் பிள்ளைக்கும் கடன் கொடுப்பார் இல்லையா, அந்த மாதிரி. பிள்ளையின் நாணயம் தெரிய வருவது திங்கட்கிழமை காலைக் காட்சியில்.

2018ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலையில் தமிழ் படம் 2, ஆகஸ்டில் விஸ்வரூபம் 2, செப்டம்பரில் சாமி ஸ்கொயர், அக்டோபரில் சண்டக்கோழி 2, நவம்பரில் 2.0 என்று மாதத்துக்கு ஒன்றாக வந்தன. இதில் 2.0 அந்த வருடத் தமிழ்ப் படங்களிலேயே வசூலில் முதலிடம், ஆனால் செலவும் அதற்கு முன் இங்கே யாரும் செய்யாத செலவு. ஐந்தில் ஒன்றுக்குக்கூட இன்றுவரை மூன்றாம் பாகம் வரவில்லை. தமிழ் படம் 2 பார்த்து மக்கள் சிரித்தார்கள், அதை மறுக்கவில்லை. மற்றவற்றில் பழைய பாகத்தின் மேல் இருந்த பிரியத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு, திருப்பி எதையும் வைக்காமல் போய்விட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2024 ஜூலையில் இந்தியன் 2. 1996இல் வந்த இந்தியனைக் கல்லூரி நாட்களில் பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன படம். வந்த சில நாளிலேயே நீளம் என்று சொல்லி 12 நிமிடம் போல வெட்டினார்கள். படத்தின் முடிவில் மூன்றாம் பாகத்தின் டிரெய்லரே இருந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் வெளியே வந்தார்கள், ஆனாலும் அந்த மூன்றாம் பாகம் சொன்ன வேகத்தில் தியேட்டருக்கு வரவில்லை. இரண்டாம் பாகத்தின் மேல் ஜனங்கள் கொடுக்கும் தீர்ப்பு மூன்றாம் பாகத்தின் முன்பதிவில் தெரியும் என்பது வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும்.

பண்ருட்டியிலிருந்து ஒரு வாசகி: காஞ்சனா, அரண்மனை வரிசையை விமர்சகர்கள் திட்டாத நாள் இல்லை. ஆனாலும் வந்துகொண்டே இருக்கின்றன. அப்படியானால் லாபம்தானே ஜெயிக்கிறது?

இல்லைங்க, அங்கேயும் ரசிகர்கள்தான் ஜெயிக்கிறார்கள். விமர்சகர் வேறு, ரசிகர் வேறு. 2007இல் முனி வந்தபோது அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை; 2011இல் அதன் தொடர்ச்சியாக வந்த காஞ்சனா முனியையே மறக்கடித்தது. பின்னால் இந்திக்கும் போனது. 2021இல் அரண்மனை 3 பலருக்கும் ஏமாற்றம்தான். அப்படியிருந்தும் 2024 மே மாதம் அரண்மனை 4 வந்தபோது தியேட்டர்கள் நிரம்பின. அந்த வருடத்தின் முதல் நான்கு மாதம் புதுத் தமிழ்ப் படம் எதுவும் பெரிதாகப் போகாமல், ஏப்ரலில் பழைய கில்லியை மறுபடி போட்டுக் கூட்டம் சேர்த்த காலம் அது. குழந்தைகளோடு போய் இரண்டு மணி நேரம் பயந்து சிரித்துவிட்டு வர ஒரு படம் வேண்டியிருந்தது, கிடைத்தது.

இந்தப் பேய்ப்பட வரிசைகளுக்கு ஒரு வசதியும் உண்டு. ஒவ்வொரு முறையும் கதை புதிது, வீடு புதிது, பேயும் புதிது. பழைய கதாபாத்திரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று யாருக்கும் மனசு வலிக்காது. இந்தியன் சேனாபதிக்கும் சாமி படத்து ஆறுச்சாமிக்கும் அந்த வசதி கிடையாது.

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: தியேட்டருக்கே வராமல் நேராக ஓ.டி.டி.யில் வரும் இரண்டாம் பாகத்தை எப்படி அளப்பது?

நல்ல கேள்வி தம்பி. 2021 பிப்ரவரியில் மலையாள த்ரிஷ்யம் 2 நேராக அமேசான் பிரைமில்தான் வந்தது. இங்கே தியேட்டரில் ஒரு டிக்கெட் கிழியவில்லை, போஸ்டரில் போட வசூல் கணக்கும் இல்லை. ஆனாலும் அது வெற்றி என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் பார்த்தவர்கள் அடுத்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அதன் முதல் பாகத்தைத் தமிழில் பாபநாசமாகப் பார்த்த நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் மலையாளம் தெரியாமலே இரவோடு இரவாகப் பார்த்து முடித்தார்கள்! அப்புறம் 2022 நவம்பரில் அதே கதை இந்தியில் தியேட்டருக்குப் போய் 200 கோடியைத் தாண்டியது. முதலில் பாராட்டு, பின்னால்தான் பணம்.

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகர்: பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிடக் குறைவாகத்தானே வசூலித்தது? அது தோல்வியா?

அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது ஒரே நாவலை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் ஒன்றாகவே எடுத்த படம், முதல் பாகம் 2022 செப்டம்பரில், அடுத்தது 2023 ஏப்ரலில். வசூல் குறைந்தது உண்மை. முதல் பாகத்துக்கு வாழ்நாளில் தியேட்டர் பக்கம் போகாத பெரியவர்கள்கூட வந்தார்கள், அந்த அதிசயம் இரண்டாம் முறை நடக்காது. நாவல் தொடங்குவதே நம் காட்டுமன்னார்கோவில் பக்கத்து வீரநாராயண ஏரிக்கரையில். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதன் மேல் தனிப் பாசம். பாதியில் நின்ற கதையின் முடிவைப் பார்க்கப் போவதை, முடிந்துபோன கதையை மறுபடி கிளறுவதோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர்: தமிழில் முதல் இரண்டாம் பாகம் எது?

1979இல் வந்த கல்யாணராமனின் தொடர்ச்சியாக 1985இல் வந்த ஜப்பானில் கல்யாணராமன் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். முதல் படம் அளவுக்கு அது போகவில்லை.

வில்லியனூரிலிருந்து ஒரு வாசகி: முதல் பாகமே இல்லாமல் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார்களே, அதை எதோடு ஒப்பிடுவது?

2025 மார்ச்சில் வந்த வீர தீர சூரன் பாகம் 2ஐச் சொல்கிறீர்கள். எதோடும் ஒப்பிட வேண்டாம், அதனால்தான் எனக்கு அந்த முயற்சி பிடித்தது. பழைய பெயரின் தயவு இல்லை, போதாததற்குக் கோர்ட் வழக்கால் முதல் நாள் பகல் காட்சிகளும் போய் மாலையில்தான் படம் தொடங்கியது. ஒரே இரவில் நடக்கும் கதை நன்றாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்ன பேச்சுதான் அதைத் தூக்கி நிறுத்தியது. முதல் பாகம் எப்போது என்று கேட்கிறவர்களில் நானும் ஒருவன்.