ஹைப்ரிட் காரில் சூடு எச்சரிக்கை வந்தால் எங்கே பார்ப்பது?

சிக்னலில் நிற்கும்போது ஹைப்ரிட் காரில் (பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்தது) சூடு எச்சரிக்கை விளக்கு எரிகிறது, புதுச்சேரி - கடலூர் சாலையில் ஓடும்போது அணைந்துவிடுகிறது, ஏன் என்பது கேள்வி.

என்ஜினைச் சுற்றி ஓடி, அதன் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் காற்றிடம் விட்டுவரும் திரவம்தான் கூலன்ட். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. அதனால் முதல் சந்தேகம் ஃபேன், அப்புறம் அதன் ரிலே, அதாவது ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச். வேகத்தில் சூடேறினால் கூலன்ட் குறைவு, தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துக் கூலன்டின் வழியைத் திறந்து மூடும் வால்வு), கூலன்டை ஓடவைக்கும் பம்ப் என்று போகலாம். பல ஹைப்ரிட்களில் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது; பெல்ட்டைத் தேடிப் பயனில்லை, காரின் கணினியில் பதிவான கோளாறைக் காட்டும் ஓபிடி கருவியைச் செருகிப் பிழைக் குறியீட்டைப் படிக்க வேண்டும்.

நம் கடலோரத்தில் ரேடியேட்டரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்று பட்ட அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்து, விரல் பட்டாலே பொடியாக உதிரும். பொடிந்த தகடு சூட்டைக் கடத்தாது.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்குப் பெரும்பாலும் தனிக் கூலன்ட் டேங்க் உண்டு. மாடியில் நல்ல தண்ணீருக்கு ஒன்று, உப்புத் தண்ணீருக்கு ஒன்று வைப்பதில்லையா? ஒன்றை நிரப்பினால் மற்றது நிரம்பாது. இரண்டிலும் அளவுக்கோட்டைப் பாருங்கள்.

என்ஜின் சத்தம் நின்றதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம் என்று நினைப்பது தவறு: ஹைப்ரிட்டில் என்ஜின் தானே மறுபடி கிளம்பும், மூடிக்குள் கூலன்ட் குக்கரைப் போல அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் இருக்கலாம், வண்டியை முழுதாக அணைத்து, நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும்.