வேலைக்கும் போய்க்கொண்டு ஓப்பன் சோர்ஸிலும் (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் திறந்துவிட்ட நிரல்கள்) மும்முரமாக இருப்பவர்கள் தூக்கம், குடும்பம், உடம்பு இதையெல்லாம் எப்படிக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள்?

அட்டவணை போட்டு இதைச் சமாளித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை, அதனால் நேரத்தை இப்படிப் பிரியுங்கள், அப்படிப் பிரியுங்கள் என்று சொல்லப்போவதில்லை. ராத்திரி ரெண்டு மணி நேரம் நிரல் எழுதுவதால் யாரும் படுத்துவிடுவதில்லை, பிடித்த வேலை அது பாட்டுக்குப் போகும். ஆளைச் சாய்ப்பது, முகம் தெரியாத நாலு பேருக்கு நாம் ஏதோ கடன்பட்டுவிட்ட மாதிரி மனசில் ஒட்டிக்கொள்ளும் நினைப்புதான்.

நான் பார்த்துக்கொள்வது சின்னச் சமாச்சாரம். பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை, இன்று எங்கும் செல்லும் யூனிகோடு முறைக்கு மாற்றும், பைத்தான் மொழியில் எழுதிய ஒரு நிரல். பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டாக உட்கார்ந்திருக்கும். யூனிகோடில் முதலில் க, அதற்குப் பின்னால்தான் ஒகரக் குறி. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டு ஒரு பக்கம் முழுக்கச் சுத்தமாக வந்து நிற்கும்போது கிடைக்கும் கிறுக்குச் சந்தோஷத்துக்குத்தான் அதை எழுதினேன். அப்புறம் டிடிபி கடைக்காரர்கள் வந்தார்கள், பழைய புத்தகத்தை மறுபதிப்புப் போடுபவர்கள் வந்தார்கள், கூடவே 'எனி அப்டேட்?' வந்தது. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து திரும்பும் ஆபீஸ் பஸ் சில்க் போர்டில் நகராமல் நிற்கும்போது போனைத் திறந்தால் அந்த ஒற்றை வரியும் அதன்கீழ் வரிசையாகக் கட்டைவிரல் குறிகளும். வீட்டுக்கு வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தும் நான் பதில் தட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து அக்கா கேட்டாள், "யாருடா அது, உனக்குச் சம்பளம் குடுக்கிறவனா?" இல்லக்கா என்றேன். "அப்ப சோத்தைத் தின்னு." இந்த மாதிரி நிரல்களோடு ஒட்டிவைக்கும் எம்ஐடி உரிமமும் இதையேதான் பெரிய எழுத்தில் சொல்கிறது: இருக்கிறது இருக்கிறபடி தருகிறேன், எந்த உத்தரவாதமும் கிடையாது. நாமே ஒட்டிய அந்த உரிமத்தை நம்மில் எத்தனை பேர் ஒருமுறையாவது படித்திருப்போம்?

இந்தக் கடன் நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எக்ஸ்இசட் விவகாரம் போதும். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும் அந்தக் கோப்புச் சுருக்கும் நிரலைப் பல வருஷம் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர் லாஸ்ஸே காலின். ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடு என்று சில கணக்குகள் அவரை நெருக்கின (எல்லாம் போலிக் கணக்குகள் என்றுதான் பலரும் இப்போது சந்தேகிக்கிறார்கள்). தனக்கு நெடுநாளாக மனநலப் பிரச்சினை இருக்கிறது, இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்கு வேலை என்று 2022 ஜூனில் அவர் வெளிப்படையாகவே எழுதினார். உதவுகிறேன் என்று வந்து நின்ற 'ஜியா டான்' என்ற பெயருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உரிமைகள் போய்ச் சேர்ந்தன. 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், திருட்டுத்தனமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் வைக்கப்பட்டது. தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி கூடுதலாக இழுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்து மார்ச் 29 அன்று போட்டு உடைத்தார், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. களைத்துப்போன ஒரு மனிதரின் சங்கடத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறார்கள். அதனால் முடியவில்லை என்றால் முன்பின் தெரியாதவரிடம் சாவியைக் கொடுப்பதைவிட, நிரல்களைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தில், இனி மாற்றமில்லை என்று பூட்டிவைக்கும் ஆர்க்கைவ் பொத்தானை அழுத்திவிட்டுப் போவது எல்லோருக்குமே நல்லது. வேண்டுமென்கிறவர் ஃபோர்க் (தனக்கென ஒரு பிரதி) எடுத்துக்கொள்வார்.

என் நடைமுறை இதுதான். போனில் கிட்ஹப் அறிவிப்பு கிடையாது. வாரத்தில் சனிக்கிழமை காலை மட்டும் பதில், நிரலின் அறிமுகக் கோப்பான ரீட்மியின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவைத்திருக்கிறேன், எழுதிவைத்த பிறகு கோபித்துக்கொண்டவர்கள் ரொம்பக் குறைவு. எங்காவது திடீரென்று கூட்டம் கூடிவிட்டால், வெளியாட்கள் கருத்து எழுதுவதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி கிட்ஹப்பிலேயே இருக்கிறது, ஒரு நாள் முதல் ஆறு மாதம் வரை. அமெரிக்காக்காரர்களோடு ராத்திரி பத்து மணி மீட்டிங் என்றால் எழுத்தில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுகிறேன், உருப்படியான திட்டங்கள் இதற்கு ஒத்துக்கொள்ளும். வேலை செய்த நாளுக்கு ஒன்றாக கிட்ஹப் காட்டும் பச்சைக் கட்டங்களை நிரப்பும் பைத்தியம் இருந்தால் விட்டுவிடுங்கள். தொடர்ந்து எத்தனை நாள் என்ற கணக்கை கிட்ஹப்பே 2016-ல் எடுத்துவிட்டது, அதற்குப்பின் விடாமல் தினமும் கமிட் (நிரலில் செய்த மாற்றத்தின் பதிவு) போடும் வழக்கமும் சனி ஞாயிறு வேலையும் குறைந்ததாக ஆய்வே வந்திருக்கிறது. எண்ணுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டால் நாம் எண்ணத்தானே செய்வோம். ஓப்பன் சோர்ஸுக்குத் திருத்தம் அனுப்பினால் டீ சர்ட் தந்த 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், அந்த ஒரு டீ சர்ட்டுக்காக அனுப்பிய வெற்றுத் திருத்தங்களால் உலகத்தில் உள்ள ரீட்மியெல்லாம் பட்ட பாடு ஞாபகமிருக்கும்.

ஆபீஸ் விஷயம்: ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றியும் நீங்கள் எழுதுவது யாருக்குச் சொந்தம் என்பது பற்றியும் என்ன இருக்கிறது என்று பார்த்து, எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அதைவிட நல்லது, கம்பெனியே பயன்படுத்தும் ஓர் ஓப்பன் சோர்ஸ் நிரல் தொகுப்பைத் தேர்ந்தெடுத்து ஆபீஸ் நேரத்திலேயே அதற்குப் பங்களிக்கக் கேட்பது. காசு? இங்கே பெங்களூரில் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024-ல் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு ஃப்ளாஸ் ஃபண்ட் என்று வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கியது, நல்ல காரியம், ஆனால் என்னுடையது மாதிரி குட்டி நிரலுக்கு அதெல்லாம் வராது, வரவும் வேண்டாம். காசு வந்தால் நிஜமாகவே கடன்பட்டவனாகிவிடுவேன்.

தூக்கம் போய், திங்கட்கிழமை வேலையும் ஓடாமல், லேப்டாப்பைத் திறக்கவே வயிற்றைக் கலக்குகிறது என்றால் இந்த மாதிரி பதில்களைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் இந்தச் சேவைக்கு இங்குள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ்தான் தலைமை மையம். ஓப்பன் சோர்ஸ்காரர்களின் இந்தியாஃபாஸ் மாநாடு சமீப வருஷங்களில் நிம்ஹான்ஸின் மாநாட்டு மையத்தில்தான் நடக்கிறது, சரியான இடம்தான் பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் யாராவது ஜோக் அடிப்பார்கள்.

கடைசியாக, இன்னும் மெயின்டெயினர் (ஒரு திட்டத்தைப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்பவர்) ஆகாதவர்களுக்கு. பங்களிப்பாளராக இருக்கும்வரை நாளைக்கே நின்றுவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள், கமிட் உரிமை தருகிறோம் என்று அழைப்பு வரும் நாளில்தான் கணக்கு மாறுகிறது. பெருமையாக இருக்கும், உடனே சரி சொல்லாதீர்கள். ஒரு வருஷம் பார்க்கிறேன், அப்புறம் பேசுவோம் என்று காலம் போட்டு ஒத்துக்கொள்ளுங்கள். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசமே ஒரு மொழி மாற்றத்துக்காக நடந்த சண்டையில் அலுத்துப்போய் 2018 ஜூலையில் தலைமையிலிருந்து ஒதுங்கினார். அவர் இடத்தில் இப்போது 5 பேர் குழு இருக்கிறது, ஒவ்வொரு பெரிய பதிப்புக்குப் பிறகும் அதற்குத் தேர்தல். உங்கள் திட்டத்தில் மூணே பேர்தான் என்றாலும் வருஷத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம், முறை முடிந்தவர் ஒரு வருஷம் இஷ்டப்பட்டதை மட்டும் எழுதிக்கொண்டிருக்கட்டும்.