வகுப்பு 18 மணி நேரம், உழைப்பு 40 மணி நேரம்
வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டுப் படிப்பு

கேள்வி: கோயமுத்தூர்ல டெக்ஸ்டைல் படிச்சுட்டு, பையன் இப்ப ஜெர்மனியில மோன்ஷென்கிளாட்பாக்ல முதுகலை சேர்ந்திருக்கானுங்க. வாரத்துக்கு 18 மணி நேரம்தான் வகுப்புங்கறான். வெள்ளிக்கிழமை பொழுதெறங்குனா ரயிலேறிடறான். கேட்டா, "நாலு ஊரையும் பார்க்கோணுமில்லம்மா"ங்கறான். கண்டிக்கறதுங்களா, உட்டுடறதுங்களா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கண்டிக்க வேண்டாம் அம்மா, கணக்குக் கேளுங்கள். அங்கே ஒரு செமஸ்டருக்கு வழக்கமாக 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக, 750 முதல் 900 மணி நேரம். வகுப்பும் தேர்வுமாக ஓடுகிற சுமார் 20 வாரத்துக்குப் பங்கு போட்டால், வாரம் ஏறக்குறைய 40 மணி நேரம். வகுப்பு 18 போக மீதி இருபதுக்கு மேல் அவரே உட்கார்ந்து படிக்க வேண்டியது. அது ஓய்வு நேரம் போலத் தெரிவதுதான் சிக்கல்.

நம் கல்லூரிகளில் இன்டர்னல், அசைன்மென்ட் என்று மாதாமாதம் யாராவது பிடித்து உலுக்குவார்கள். அங்கே பல பாடங்களுக்குக் கடைசியில் ஒரே தேர்வு, அதுதான் முழு மதிப்பெண். அக்டோபரில் விட்டது ஜனவரி கடைசியில்தான் உறைக்கும். தேர்வுக்கு இணையத்தில் தனியாகப் பெயர் பதிய வேண்டும்; கெடு தாண்டினால் எழுத முடியாது. பெரும்பாலான இடங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதிலும் போனால் அந்தப் படிப்பே முடிந்தது. அரியரை இழுத்துக்கொண்டே போகும் வழக்கம் அங்கே செல்லாது.

சனி, ஞாயிறு இரண்டையும் பயணத்துக்குக் கொடுப்பதுதான் தப்பு. சனிக்கிழமை நூலகம், மாலையில் காய்கறி, மளிகை. ஞாயிறு அங்கே கடைகள் அடைப்பு, அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும் (பலவற்றுக்குத் திங்கள்தான் விடுமுறை). அதனால் ஊர் பார்க்க ஞாயிறே தோது. இரவு தங்கும் பயணம் மாதத்துக்கு ஒன்று போதும். தேர்வுக்கு முந்தின நாலு வாரம் அதுவும் வேண்டாம். நீண்ட பயணத்துக்குத் தேர்வு முடிந்த பிறகு வரும் இடைவெளி இருக்கிறது. கொலோன் நகரத்து வேடத் திருவிழாவான கார்னிவல் பெரும்பாலும் பிப்ரவரியில் வந்து தேர்வோடு மோதும். இரண்டு தேதிகளையும் செமஸ்டர் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துவிட்டு, ரோசன்மோண்டாக் என்கிற கார்னிவல் திங்கட்கிழமை ஊர்வலத்துக்கு ஒரு நாள் மட்டும் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: அவர் இருப்பதே ஜவுளி நாடு. பக்கத்து கிரேஃபெல்ட், பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் பேர்போன ஊர். அங்கே லின் பகுதியில் ஜெர்மன் ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது. வூப்பர்டாலுக்குப் போனால் எல்லோரும் 1901 முதல் ஓடும் தொங்கு ரயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வூப்பர் ஆற்றங்கரையில் நூல் வெளுக்கும் தனியுரிமையை 1527லேயே வாங்கிய ஊர் அது. நொய்யலையும் சாயப்பட்டறையையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஆற்றின் கதை பாடத்துக்கும் உதவும். செமஸ்டர் கட்டணத்தோடு பயணச்சீட்டும் சேர்ந்திருந்தால், அது எதுவரை செல்லும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாடு முழுவதற்குமான சீட்டாக இருந்தாலும் உள்ளூர், வட்டார ரயில்களுக்குத்தான். ஐசிஇ, ஐசி விரைவு ரயில்களில் ஏறினால் அபராதம்.

கேள்வி: அக்டோபர்ல ஜெர்மனிக்குப் படிக்கக் கெளம்பறேனுங்க. நம்மூருப் பசங்களோட ஒரே வீட்டுல தங்குனா செலவு கம்மி. ஆனா அந்த ஊரு மக்களோட பழக முடியாமப் போயிடுமோன்னு பயமா இருக்குது.
– வாசகர், கோபிசெட்டிப்பாளையம்

பதில்: தாராளமாகத் தங்குங்கள் தம்பி. வாரம் ஒரு மாலையை மட்டும் வெளியே வையுங்கள். ஒரே கிழமை, ஒரே நேரம், அதே ஆட்கள். பழக்கம் அப்படித்தான் ஒட்டும். ஒருநாள் விருந்தில் பார்த்தவர் மறந்துவிடுவார். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகளுக்குக் கட்டணம் குறைவு, ஆனால் பதிவு திறந்த சூட்டோடு இடம் நிரம்பிவிடும். 'டாண்டெம்' என்று மொழிமாற்றுத் துணை கிடைப்பார்: 45 நிமிடம் அவர் மொழி, 45 நிமிடம் உங்கள் மொழி. நேரத்தைப் பிரிக்காவிட்டால் பேச்சு ஆங்கிலத்திலேயே ஓடிவிடும். ஜெர்மன் மொழியின் ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலைகளை இங்கேயே முடியுங்கள். அங்கே போய்த் தொடங்கினால் பாட நேரத்தைத் தின்னும். ஞாயிறு மதியம் அரிசிம்பருப்பு ஆக்கி நாலு பேரைக் கூப்பிடுங்கள், ஒரு வாரம் முன்பே சொல்லி. திடீரென்று கூப்பிட்டால் அங்கே வரமாட்டார்கள்.

பகுதிநேர வேலைக்கு, வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரம் வரை அனுமதி உண்டு. முதல் செமஸ்டரில் வாரம் 10 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். படிப்பா ஊரா என்ற இழுபறியில் இரண்டையும் விழுங்குவது பெரும்பாலும் அந்த வேலைதான்.

கேள்வி: ஜெர்மன் விசாவில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் போகலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: போகலாம். மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். பாஸ்போர்ட், வதிவிட அட்டை இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். விசா முடிந்து, அட்டை வராமல், இடைக்காலச் சான்று மட்டும் இருக்கும் வாரங்களில் வெளிநாட்டினர் அலுவலகத்தில் கேட்காமல் எல்லை தாண்டாதீர்கள். அதனால் அட்டைக்கான அப்பாயின்ட்மென்ட்டை, போய் இறங்கி முகவரி பதிந்த வாரமே போடுங்கள்.