ஃபைபர் ஆம்ப்ளிஃபயரில் பம்பை (ஃபைபருக்கு ஆற்றல் ஊட்டும் ஒளியை) கூட்டினால் பல்ஸ் வளராமல் இரைச்சல் மட்டும் ஏறுகிறதே, எப்படிக் குறைப்பது?

நீங்கள் சொல்லும் அமைப்பு இது: 1030 நானோமீட்டர் ஃபெம்டோசெகண்ட் லேசர், சில பல்ஸ்களை மட்டும் பொறுக்கி அனுப்பும் பல்ஸ் பிக்கர் வழியாக நொடிக்கு 10,000 பல்ஸ், பிறகு இட்டர்பியம் ஃபைபர். பவர் மீட்டர் ஏறுகிறது, பல்ஸ் ஆற்றல் ஏறவில்லை. இதே வேலையில் இருப்பதால் சொல்கிறேன், வேண்டாத அலைநீளங்களைத் தடுக்கும் ஃபில்டர் வாங்க ஓடாதீர்கள். இரண்டு பல்ஸுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அடுத்த பல்ஸ் வர 100 மைக்ரோசெகண்ட் ஆகிறது. அதுவரை பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிளர்ந்த இட்டர்பியம் அயனிகளில் ஒரு பகுதி தானாகவே ஒளியை உமிழும். ஃபைபருக்குள் சிக்கும் அந்த ஒளியையும் ஆம்ப்ளிஃபயர் பல்ஸைப் போலவே பெருக்கிவிடும். இதுதான் ஏஎஸ்இ (amplified spontaneous emission), நீங்கள் பார்க்கும் இரைச்சல்.

கணக்குப் போட்டால் நிலைமை புரியும். உள்ளே போகும் பல்ஸ் 0.1 நானோஜூல் என்றால், 10 கிலோஹெர்ட்ஸில் சராசரி 1 மைக்ரோவாட். 30 டெசிபெல் (ஆயிரம் மடங்கு) பெருக்கினால் 1 மில்லிவாட். அதே பெருக்கத்தில், 10 நானோமீட்டர் அகலத்துக்குள் மட்டும், இயற்பியல் அனுமதிக்கும் மிகக் குறைந்த ஏஎஸ்இயே சுமார் 1.1 மில்லிவாட்! வெளியே வருவதில் பாதிக்கு மேல் குப்பை. ஃபெம்டோசெகண்ட் பல்ஸுக்கு அந்த அகலம் தேவை என்பதால் ஃபில்டரை இதற்கு மேல் குறுக்கவும் முடியாது.

எனவே நேரத்தில் வெட்டுங்கள். இரண்டு ஸ்டேஜுக்கு (பெருக்கும் கட்டங்களுக்கு) நடுவே ஓர் ஏஓஎம் (ஒலி அலையால் ஒளிக்கு வழி திறந்து மூடும் சாதனம்) வைத்து, பல்ஸ் வரும்போது 100 நானோசெகண்ட் மட்டும் திறந்தால், கடந்துபோகும் ஏஎஸ்இ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஏஓஎம்மில் பல்ஸும் ஏறக்குறைய பாதி போகும்; தாராளமாகப் போகட்டும், அடுத்த ஸ்டேஜ் அதை ஈடுகட்டிவிடும்.

அதைவிட முக்கியம், பிக்கர் இருக்கும் இடம். லேசரிலிருந்து வரும் 40 மெகாஹெர்ட்ஸை அப்படியே முதல் ஸ்டேஜான ப்ரீஆம்புக்குக் கொடுங்கள். 0.1 நானோஜூல் வீதம் அது 4 மில்லிவாட். ஏஎஸ்இ தலைதூக்க இடமே இருக்காது. பல்ஸைப் பொறுக்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மொத்த இரைச்சலையும் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் ஸ்டேஜ்தான், அங்கே சிக்னலைப் பட்டினி போடக் கூடாது.

ஒரே ஃபைபரில் 40 டெசிபெல் எடுக்க வேண்டாம், பிரித்து எடுங்கள். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் நடுவே, ஒளியைத் திரும்பி வரவிடாத ஐசொலேட்டர் கட்டாயம். முதல் ஸ்டேஜில் பம்பை சிக்னல் நுழையும் பக்கத்திலிருந்தே கொடுங்கள். நுழைவாயிலில் இன்வெர்ஷன் (கிளர்ந்த அயனிகளின் பங்கு) அதிகமாக இருந்தால் இரைச்சல் குறையும்.

பவர் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், அதற்குப் பல்ஸும் ஏஎஸ்இயும் ஒன்றுதான். ஏஓஎம்மின் திறப்பு நேரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். சராசரி பவர் எவ்வளவு இறங்குகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு ஏஎஸ்இ இன்னும் அதன் வழியே வந்துகொண்டிருக்கிறது. இதற்காக சீடை (உள்ளே போகும் லேசர் ஒளியை) மறைத்து அளக்க வேண்டாம். பம்ப் ஓடும்போது சீட் நின்றால் ஆம்ப்ளிஃபயர் தானே லேசராகி, ராட்சதப் பல்ஸ் கிளம்பி ஃபைபர் முனையை எரித்துவிடலாம். சீட் நின்ற நொடியே பம்ப் அணையும்படி ஓர் இன்டர்லாக் போட்டுவிடுங்கள்.